கொடையும் பாக்கியும்

2020 நவம்பர் 6-ஆம் தேதி மலேசிய நாடாளுமன்றத்தில் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்டது. கோவிட் மறுபடி ஏறிக்கொண்டிருந்த நேரம். அந்த உரையில் ஓர் அறிவிப்பு வந்தது. டாப் குளோவ், ஹார்ட்டலேகா, சூப்பர்மேக்ஸ், கோசான் என்ற நான்கு ரப்பர் கையுறை நிறுவனங்கள், தடுப்பூசிச் செலவுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் 400 மில்லியன் ரிங்கிட் கொடுக்க முன்வந்திருக்கின்றன. உலகமே கையுறைக்கு அலைந்த வருடம் அது. திடீரென்று குவிந்த அந்த லாபத்துக்குத் தனி வரி போட வேண்டும் என்று சிலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரி வரவில்லை. நன்கொடை வந்தது.

இரண்டு வாரம் ஆகவில்லை. கிள்ளான் மேருவில் டாப் குளோவ் தொழிலாளர்களின் விடுதிகளில் நோய் பரவி, அந்த இடமே முள்வேலி போட்டு முடக்கப்பட்டது. பரிசோதிக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. பெரும்பாலும் நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். 28 தொழிற்சாலைகளைக் கட்டம் கட்டமாக மூட அரசு உத்தரவிட்டது. தொழிலாளர் இலாகா அவர்கள் தங்கியிருந்த இடங்களைப் போய்ப் பார்த்து விசாரணையைத் தொடங்கியது. அடுக்குக் கட்டில்களில் நெருக்கிப் படுத்திருக்கும் ஆட்களின் படங்கள் கைப்பேசிகளில் சுற்றின.

நாட்டின் மருத்துவத்துக்குக் கொடை கொடுத்த நிறுவனமும், தன் ஆட்களை அப்படிப் படுக்க வைத்த நிறுவனமும் ஒன்றுதான். எனக்கு அது அதிர்ச்சியாக இல்லை. பழகிய கதையாக இருந்தது. அதே ரப்பர். அதே கிள்ளான். ஆட்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் அந்தக் கட்டிலில் கிடந்தவர்கள் நம் ஆட்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு பெரிய நிறுவனத்தில் சமூகப் பொறுப்புப் பிரிவில் இருக்கிறார். இலவச மருத்துவ முகாம், ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம், பள்ளிக்கூடத்துக்கு மூக்குக் கண்ணாடி என்று ஓடி ஓடி வேலை செய்பவர். நல்ல மனிதர். "யார் கையால போனா என்னங்க? ஏழைக்குப் போய்ச் சேருதுல்ல? வேணாம்னு சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல 1901-க்குப் போக வேண்டியிருக்கிறது.

கிள்ளானின் இரண்டு கணக்குகள்

மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் 1901 தொடக்கத்தில் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று இந்தியாவில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்து மூன்று நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த அறிவை வைத்து ஒரு ஊரைக் காப்பாற்ற முடியுமா என்று உலகில் அநேகமாக யாரும் செய்து பார்த்திருக்கவில்லை. கிள்ளான் அப்போது சதுப்புக்கு நடுவில் இருந்த சின்ன ஊர். அந்த வருடம் செப்டம்பரில் பக்கத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான். திறந்த கையோடு காய்ச்சல் ஆட்களை வரிசையாகச் சாய்த்தது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது.

வாட்சன் வாய்க்கால் வெட்டச் சொன்னார். சதுப்பு வடிக்கப்பட்டது, காடு வெட்டப்பட்டது, குழிகள் மூடப்பட்டன. செலவு அரசாங்கத்துடையது. பலனை அவரே எண்ணி வைத்தார். 1901-இல் கிள்ளான் ஊரிலிருந்து மலேரியாவோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் 334 பேர். 1905-இல் 12 பேர். துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் 188-லிருந்து 11 ஆகக் குறைந்தார்கள். வெப்பமண்டல மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற எண்கள் இவை. பனாமா கால்வாயில் மலேரியாவைக் கட்டுப்படுத்திய கதையைச் சொல்லும் எவரும் கிள்ளானையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த அட்டவணையில் மூன்றாவதாக ஒரு வரிசை இருக்கிறது. "மாவட்டத்தின் மற்ற பகுதிகள்." அங்கிருந்து 1901-இல் வந்தவர்கள் 197. 1905-இல் 353. ஊருக்குள் காய்ச்சல் வற்றிக்கொண்டிருந்த அதே ஐந்து வருடத்தில், ஊருக்கு வெளியே அது பெருகியிருக்கிறது. வாட்சனுக்கு இது வசதியான ஒப்பீடு. வடிகால் வெட்டிய இடத்தில் நோய் குறைந்தது, வெட்டாத இடத்தில் குறையவில்லை, ஆகவே வடிகால்தான் காரணம் என்று நிரூபிக்க அது உதவியது.

நமக்கு அந்த வரிசை வேறொன்றையும் சொல்கிறது. ஊருக்கு வெளியே இருந்தவை தோட்டங்கள். கித்தா மரம் நட்டுக்கொண்டிருந்த காலம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய சனங்கள் பினாங்கு வழியாக வந்து இறங்கி, காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். துறைமுகமும் கச்சேரியும் இருந்த ஊர் அரசாங்கத்தின் பொறுப்பு. தோட்டம் கம்பெனியின் பொறுப்பு. அந்த எல்லைக்கோட்டில்தான் உயிருக்கும் சாவுக்குமான வித்தியாசம் விழுந்தது.

துரையின் கணக்குப் புத்தகம்

1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அதற்கு முன் அப்படியொரு விலை வந்ததில்லை. அந்த விலையைத் துரத்திக்கொண்டு கம்பெனிகள் ஆட்களை வாரிக்கொண்டு வந்தன. மறுவருடம், 1911-இல், மலாய்க் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளிக்கு 60 பேருக்கும் மேல் செத்தார்கள். ஒரு வருடத்தில். இவர்கள் கிழவர்கள் இல்லை. கங்காணி பொறுக்கி எடுத்துக் கூட்டிவந்த, வேலை செய்யும் வயதுடைய ஆட்கள்.

அதில் பெரும்பங்கு மலேரியா. அந்த மலேரியா காட்டில் காத்திருந்த பூதம் இல்லை. மலையடிவாரக் காட்டில் நிழலில் ஓடிக்கொண்டிருக்கும் சிற்றோடையில் அவ்வளவாக ஆபத்து இல்லை. மரத்தை வெட்டி வெயில் பட விட்டதும், 'மாக்குலாட்டஸ்' என்ற கொசு அந்த ஓடையில் முட்டையிட ஆரம்பிக்கும். கடற்கரைச் சமவெளியில் கதை தலைகீழ். அங்கே நிழலான சதுப்பில் வளரும் வேறொரு கொசு. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது போய்விடும். ஒரு நிலத்துக்கு மருந்தானது இன்னொரு நிலத்துக்கு நஞ்சு. இதை வாட்சன்தான் மெல்ல மெல்லக் கண்டுபிடித்தார். சுருக்கமாகச் சொன்னால், மலைத் தோட்டங்களில் கம்பெனி திறந்துவிட்ட நோய்க்குத்தான் கம்பெனி மருந்து கொடுத்தது.

சில வருடங்களில் வாட்சன் அரசாங்க வேலையை விட்டுவிட்டுக் கிள்ளானிலேயே தோட்டங்களின் மருத்துவரானார். 1911-இல் அவர் எழுதிய மலேரியாத் தடுப்பு நூலைப் படித்தபோது என்னைக் கவர்ந்தது அவருடைய பிடிவாதம். தோட்டம் தோட்டமாகப் போகிறார், குழந்தைகளின் மண்ணீரலை அழுத்திப் பார்த்து எத்தனை பேருக்கு வீங்கியிருக்கிறது என்று எண்ணுகிறார், எந்த லயம் எந்தச் சதுப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்கிறார். அவரால் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இந்தக் கட்டுரையைப் படிக்கும் உங்களில் சிலராக இருக்கலாம். அதை மறுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் துரைமார்களிடம் அவர் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் ஆள் பால் வெட்ட மாட்டான். செத்தவனுக்குப் பதிலாகப் புது ஆளைக் கூட்டிவரச் செலவாகும். காய்ச்சல் தோட்டம் என்று பெயர் எடுத்துவிட்டால் கங்காணிக்கே ஆள் கிடைக்காது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வடிகால்தான் மலிவு. நல்ல மருத்துவருக்குக்கூடக் கம்பெனியின் கதவைத் திறக்கக் கிடைத்த சாவி இந்தக் கணக்குதான்.

பத்து தீகா பக்கம் இருந்த சீபீல்ட் தோட்டம் அவருடைய சோதனைக் களங்களில் ஒன்று. 1910களில் அங்கே ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்து மூடினார்கள். பிறகு தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள். காய்ச்சல் இறங்கியது. சீபீல்ட் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

என் பாட்டி காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் சொல்லும் கதைகளில் டிரசர் வராத கதை கிடையாது. பெரட்டுக்கு நிற்கும்போதே வாயைத் திறக்கச் சொல்லி மருந்து ஊற்றுவாராம். "கசப்பு அப்பிடியே தொண்டையில நிக்கும். துப்பிட்டா அன்னைக்கிப் பேரு கிடையாது" என்பார். பேர் கிடையாது என்றால் செக்ரோலில் பெயர் விழாது, கூலி கிடையாது. அதே மூச்சில், "ஆனா தொரை தங்கமானவரு. தீவாளிக்கு ஆளுக்கொரு துணி குடுப்பாரு" என்றும் சொல்வார். மருந்தும் துணியும் பாட்டிக்கு ஒரே கையிலிருந்து வந்தவை. இரண்டும் துரையின் குணம். அதில் ஒன்று சட்டப்படி தர வேண்டியது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சட்டம், வரி, கள்ளுக்காசு

தோட்டத்து மருத்துவம் துரையின் தங்கமான மனசிலிருந்து வரவில்லை. சாவு எண்ணிக்கை லண்டனிலும் இந்தியாவிலும் கேள்வியான பிறகு, சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1910-இல் சஞ்சிக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. 1912-இலும் பிறகு 1923-இலும் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தோட்ட முதலாளி தன் ஆட்களுக்கு வீடும் குடிநீரும் மருத்துவமும் தர வேண்டும் என்றன. தோட்டத்து ஆஸ்பத்திரி, டிரசர், மாதம் சில தடவை காரில் வந்து போகும் வெள்ளைக்கார டாக்டர் எல்லாம் இந்தச் சட்டங்களின் நிழலில் நின்றவை. சரி, எல்லாத் தோட்டமும் ஒழுங்காகச் செய்ததா? இல்லை. தனித்தனியாகச் செய்தால் பணக்காரத் தோட்டத்தில் ஆஸ்பத்திரி இருக்கும், ஏழைத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைதான் இருக்கும்.

அதற்கு மாற்றாக 1920களில் ஒரு யோசனை வந்தது. தோட்டச் சுகாதாரத்தை விசாரித்த ஆணையம் ஒன்று, ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி செய்வதை நிறுத்திவிட்டு, எல்லாத் தோட்டங்களிடமும் வரி வாங்கிப் பொதுவான சுகாதார வாரியங்கள் நடத்தலாம் என்றது. 1926-இல் அதற்குச் சட்டமும் வந்தது. தோட்ட முதலாளிகள் ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்தார்கள். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்ததும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதே மந்த காலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பல் ஏற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விலை நன்றாக இருந்தால் டாக்டர். விலை விழுந்தால் கப்பல் சீட்டு.

இங்கேதான் நண்பரின் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. மருத்துவத்துக்குச் செலவழிக்கக் கூடாது என்று கம்பெனிகள் சொல்லவில்லை. தாங்களாகச் செய்யும் செலவைப் பற்றி அவர்கள் பெருமையோடு பேசினார்கள். எதிர்த்தது வரியை. கொடை என்றால் எவ்வளவு, யாருக்கு, எதுவரை என்பதைக் கொடுப்பவர் முடிவு செய்வார். வரி என்றால் அதை வேறொருவர் முடிவு செய்வார். 1926-இல் நடந்த வாதமும் 2020-இல் நடந்த வாதமும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இன்னொரு வகைக் கொடையும் தோட்டத்தில் இருந்தது. தோட்டத்துக் கள்ளுக்கடையில் வரும் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்று ஏற்பாடு. கோயில் திருவிழா, விளையாட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஏதோ ஒன்று என்று அது திரும்பி வரும். தன் கூலியில் குடித்து, தன் குடலைக் கெடுத்துக்கொண்ட ஆளுக்கு அந்தக் காசிலேயே தேர் இழுக்கக் கயிறு. அதற்கும் மாலை மரியாதை துரைக்குத்தான்.

அந்நியனுக்குக் கொடுப்பது

தோட்டத்துக்கு வெளியிலிருந்தும் கொடை வந்தது. 1913-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ராக்பெல்லர் அறக்கட்டளை, கொக்கிப்புழுவை ஆராய 1915-இல் கிழக்கு நாடுகளுக்கு ஒரு குழுவை அனுப்பியது. சாமுவேல் டார்லிங் தலைமையில் அவர்கள் மலாயாவிலும் ஜாவாவிலும் பிஜியிலும் வேலை செய்தார்கள். வெறுங்காலோடு நடக்கும் ஆட்களின் பாதத் தோல் வழியாகப் புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் புழு அது. தோட்டத் தொழிலாளியின் "சோம்பேறித்தனம்" என்று கிராணி எழுதி வைத்ததில் பாதி ரத்தசோகையாக இருந்திருக்கும். புழுவுக்கு என்று வந்தவர்கள் 1920-இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே மலேரியாவையும் சேர்க்க வேண்டியதாயிற்று. நல்ல வேலை அது.

ஆனால் அந்தக் குழு கப்பல் ஏறுவதற்கு முந்தைய வருடம், 1914 ஏப்ரலில், கொலராடோவில் லட்லோ என்ற இடத்தில் ராக்பெல்லர் குடும்பத்தின் பிடியில் இருந்த சுரங்கக் கம்பெனியின் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் குடும்பத்தோடு தங்கியிருந்த கூடாரங்கள் சுடப்பட்டு எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் கருகினார்கள். அமெரிக்காவே கொதித்தது. புதிதாக வந்த அறக்கட்டளையைப் பற்றி அங்கே ஓர் அரசு ஆணையம் விசாரணை நடத்தியது. தூரத்து மலாயாக் கூலியின் ரத்தத்தைக் காப்பாற்றப் பணம் இருந்தது. சொந்தச் சுரங்கத்துத் தொழிலாளி சங்கம் கேட்டால் துப்பாக்கி.

கொடை எல்லாமே வேஷம் என்று சொல்ல வரவில்லை. 1987-இல் மெர்க் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம், ஆப்பிரிக்க ஆற்றோர மக்களைக் குருடாக்கிக்கொண்டிருந்த நோய்க்கான மருந்தை, தேவைப்படும் அளவு, தேவைப்படும் காலம் வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. இன்றுவரை அது நடக்கிறது. அந்த நோயாளிகள் மெர்க்கிடம் வேலை செய்தவர்கள் இல்லை. அவர்களுக்கு அந்த நிறுவனம் எதுவும் பாக்கி வைத்திருக்கவில்லை. அதனால் அதை முழு மனதோடு கொடை என்று சொல்ல முடிகிறது.

எனக்கு இப்போது வித்தியாசம் இப்படித்தான் தெரிகிறது. உனக்கு எந்தக் கடனும் இல்லாதவனுக்குக் கொடுத்தால் அது கொடை. உனக்காக உடம்பைத் தேய்த்தவனுக்குக் கொடுப்பது பாக்கி. பாக்கியைத் தீர்க்காமல் கொடை கொடுப்பவரை நம் ஊர்ப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கேட்டுப் பெறுவது

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஒரு வேலைநிறுத்தம் வெடித்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் முகம். உலகப்போரால் ரப்பர் விலை ஏறியிருந்தது, கூலி ஏறவில்லை. தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலைப் பள்ளிப் பாடத்தில் யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி. பெண்களிடம் தோட்டத்து அதிகாரிகள் அத்துமீறக் கூடாது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். சங்கம் வைக்கும் உரிமை. இவற்றுக்கு நடுவில் ஒன்று: முறையான மருத்துவ வசதி.

வாட்சன் கிள்ளானுக்கு வந்து சரியாக நாற்பது வருடம். பெரட்டில் வாயைத் திறந்து நின்றவர்கள், மருந்தைத் தாங்களே வாய் திறந்து கேட்டது அப்போதுதான். கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களும் அவர்களே. தேர்க்கயிறு எந்தக் காசில் வந்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சைக்கிள் கோரிக்கையும் மருந்துக் கோரிக்கையும் ஒரே பட்டியலில் இருந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இரண்டும் தலை குனியாமல் வாழ்வது பற்றியவை.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் பரவியது, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. டிசம்பரில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். அதற்குப் பிறகு சயாம் ரயில் பாதை விழுங்கிய தோட்டத்து ஆண்களின் கதை தனி.

தோற்றுப்போன வேலைநிறுத்தம் என்று சொல்லலாம். ஆனால் போருக்குப் பிறகு வந்த தொழிற்சங்கங்களும் 1954-இல் உருவான தோட்டத் தொழிலாளர் சங்கமும் அந்த மண்ணில்தான் முளைத்தன. வீட்டையும் மருத்துவத்தையும் அவர்கள் துரையின் குணமாகப் பார்க்கவில்லை. மேசையில் வைத்துப் பேரம் பேசும் விஷயமாக்கினார்கள்.

மிஞ்சியது

இந்தக் கதையில் பாக்கி எப்படிக் கரைந்துபோகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1907-இல் தொடங்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் ஆள் கணக்குப்படி பணம் கட்டினார்கள். ஆட்களைக் கப்பலில் கொண்டுவரவே அந்த நிதி. கப்பல்கள் நின்ற பிறகு மிஞ்சிய பணம், சுதந்திரத்துக்குப் பின் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆனது. புக்கிட் மெர்தாஜாமில் முதிய தொழிலாளர்களுக்கு ஒரு இல்லம் அதில் நடந்தது. 1999-இல் சட்டத்தின் மூலம் அந்த நிதி கலைக்கப்பட்டு, சொத்து அரசாங்கத்துக்குப் போனது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு நிதி இருந்ததே தெரியும்?

சீபீல்டுக்குத் திரும்பி வருவோம். 1970களிலிருந்து அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியது. இன்று அதன் பெயர் சுபாங் ஜெயா, யூ.எஸ்.ஜே. 1985-இல் சைம் டார்பி அங்கே ஒரு தனியார் மருத்துவமனையைத் திறந்தது. நாட்டின் பெயர் பெற்ற மருத்துவமனைகளில் ஒன்றாக அது வளர்ந்தது. உலகத்துக்கு மலேரியாத் தடுப்பைச் சொல்லிக்கொடுத்த ஓடைகள் அந்தச் சடக்குகளுக்கு அடியில் எங்கோ கிடக்கின்றன. பழைய தோட்டத்தின் அடையாளமாக மிஞ்சிய மாரியம்மன் கோயிலை அகற்றுவது குறித்த தகராறு 2018 நவம்பரில் கலவரமாக வெடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கோயிலைக் கும்பிட்டவர்களின் முன்னோர்களுடைய மண்ணீரல்தான் வாட்சனின் அட்டவணை.

மேருவுக்கு வருவோம். 2020-இல் அந்த விடுதிகளைத் தொழிலாளர் இலாகா எந்தச் சட்டத்தின் கீழ் விசாரித்தது? சட்டம் 446. தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், 1990. அது தோட்டங்களுக்காகவும் சுரங்கங்களுக்காகவும் எழுதப்பட்ட சட்டம். லயத்து அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், தண்ணீர் எப்படி வர வேண்டும், ஆயாக் கொட்டகை எப்போது வேண்டும், மருந்தகம் எப்போது வேண்டும் என்று பேசும் சட்டம். அதன் வேர் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதற்கு முந்தைய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்கும் போகிறது. 2019-இல் அதைத் திருத்தி மற்றத் தொழில்களுக்கும் நீட்டினார்கள். 2020 ஜூனில் அது அமலுக்கு வந்தது. ஐந்து மாதத்தில் மேரு.

அதாவது, காய்ச்சலில் செத்த நம் ஆட்களுக்காகவும், கேட்டுச் சுடப்பட்ட நம் ஆட்களுக்காகவும் எழுதப்பட்ட வரிகள், இன்று ஒரு நேபாள இளைஞனின் கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்குத் துணை நிற்கின்றன. 400 மில்லியன் அவனைக் காப்பாற்ற வரவில்லை. இந்தச் சட்டம்தான் வந்தது, தாமதமாக, அரைகுறையாக. அவன் வேலைக்கு வர ஏஜெண்டுக்குக் கட்டிய கடனைக்கூட, அமெரிக்கா அந்த நிறுவனத்தின் கையுறைகளைத் தடை செய்த பிறகுதான் நிறுவனம் திருப்பிக் கொடுத்தது; 100 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல். 2021 நிதியாண்டில் அதன் நிகர லாபம் 7 பில்லியனைத் தாண்டியது. அந்த 100 மில்லியனை யாரும் கொடை என்று அழைக்கவில்லை. பாக்கி தீர்ப்பது என்று சொன்னார்கள். சரியான சொல்.

நண்பரிடம் அன்று நான் கடைசியாகச் சொன்னது இதுதான். முகாமை நடத்துங்கள், கண்ணாடி கொடுங்கள், இயந்திரமும் வாங்கிக் கொடுங்கள். ஆனால் மேடையில் காசோலையைத் தூக்கிப் பிடிக்கும் முன்னால், உங்கள் கட்டடத்தைக் கூட்டும் அக்காவுக்கும் வாசலில் நிற்கும் காவலாளிக்கும் மருத்துவ விடுப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவர் சிறிது நேரம் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "அவங்கல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க. எங்க கணக்குல வரமாட்டாங்க" என்றார்.

வாட்சனின் மூன்றாவது வரிசை எனக்கு நினைவுக்கு வந்தது. மாவட்டத்தின் மற்ற பகுதிகள்.